நாட்டுப்புறத்தார் நகர் புகுங்கால்

பட்டிக்காட்டான் மிட்டாய்க் கடையைப் பார்த்தாற்போல என்பது நம்மிடையே பெருவழக்காய் வழங்கும் ஒரு பழமொழி. நகருக்குப் புதியராய் வந்தோர் திகைத்து நிற்றலைக் கண்டு நகரத்தார் நகைத்துக் கூறுவது அது. நகைப்பவர் அறிவுடையார் என்றும், நகைக்கப்படுபவர் அறியாதார் என்றும் அப்பழமொழி நம்மைக் கருதச் செய்கின்றது. அக்கருத்துப் பொருந்துமா என்பதையும், அத்திகைப்பின் காரணம் யாது என்பதையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இத்திகைப்பு ஒரு நாட்டார்க்கே உரியதன்று. கலெர்வோ ஓபெர்க் என்னும் மானிடவியல் அறிஞர் 1954-ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு ரியோ டி ஜனீரோ நகரில் ஆற்றிய சொற்பொழிவொன்றில், அயல்நாடு சென்று வாழ்வோர் அடையும் கலக்கத்தைப் பண்பாட்டதிர்ச்சி எனப் பொருள்படும் பெயரால் விளக்கினார். எப்பொழுது வணங்குவது, எப்பொழுது பேசுவது, யார் சொல்லை மெய்யெனக் கொள்வது என்பன போன்ற சிறு குறிகள் பலவற்றை நாம் எண்ணிப் பாராமலே நாள்தோறும் கையாளுகின்றோம். அக்குறிகள் யாவும் ஒருங்கே பயன்படாது போகுங்கால் உள்ளம் தடுமாறுகின்றது. முதலில் வியப்பும், அடுத்து வெறுப்பும் சோர்வும், பின்னர்த் தெளிவும், இறுதியில் இணக்கமும் ஆக நான்கு படிகளாய் அஃது அமையும் என்றார் அவர். அயல்நாடு சென்றாரைப் பற்றிய அவ்வுரை, ஒரே மொழி வழங்கும் நாட்டினுள்ளே சிற்றூரினின்றும் பெருநகர் செல்வார்க்கும் பெரிதும் பொருந்துவதாம்.

திருநெல்வேலிப் பக்கத்துச் சிற்றூரார் ஒருவர் முதன்முறையாகச் சென்னை எழும்பூர் நிலையத்தில் இறங்குவதாகக் கொள்வோம். இக்காலத்தில் நகரத்தின் கட்டடங்களையும் ஊர்திகளையும் அவர் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் முன்னரே கண்டிருப்பார். ஆதலின் அவரைத் திகைக்கச் செய்வன அவையல்ல. அவர் ஊரில் எதிர்ப்படுவார் ஒவ்வொருவரையும் முகம் நோக்கி, "எங்கே, வயலுக்கா?" என்று ஒரு சொல் கேட்டல் முறை. கேட்பவர் விடையை எதிர்பார்ப்பதில்லை. உன்னைக் கண்டேன், நீ நலமாயிருப்பது கண்டு மகிழ்ந்தேன் என்பதே அவ்வினாவின் உட்பொருள். எழும்பூரிலோ ஒரு நாழிகைக்குள் நூற்றுக்கணக்கான முகங்கள் எதிர்ப்படுகின்றன. ஒன்றேனும் அவரை நோக்குவதில்லை. அவர் நோக்கினாலும் ஐயுறுகின்றது. ஊரில் மரியாதையாய் இருந்த செயல், இங்கே பிறர் காரியத்தில் தலையிடுதலாகி விடுகின்றது.

நகரத்தார் இயல்பிலேயே அன்பிலரோ எனின், அங்ஙனம் கூறுதல் தகாது. ஜெர்மானிய அறிஞர் கேயோர்க் சிம்மெல் 1903-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்றில், இடையறாது வந்து தாக்கும் காட்சிகளினின்றும் ஒலிகளினின்றும் தம் உள்ளத்தைக் காத்துக் கொள்ளவே நகரத்தார் பாராமுகம் என்னும் கவசத்தைப் பூணுகின்றனர் என விளக்கினார். அமெரிக்க உளநூலறிஞர் ஸ்டான்லி மில்கிராம் 1970-ஆம் ஆண்டில் இதனையே சுமையின் மிகுதி எனக் கூறினார். முன்பின் அறியாதார் கதவைத் தட்டித் தொலைபேசியைப் பயன்படுத்த இடங்கேட்டபொழுது, நியூயார்க் நகர மன்ஹாட்டன் வீட்டாரினும் சிற்றூர் வீட்டாரே அவரை மிகுதியாய் உள்ளே விட்டனர் என்பதையும் அவர் எடுத்துக் காட்டினார்.

திகைப்பிற்கு மற்றொரு காரணம் திசை பற்றியது. நம் நாட்டுப்புறத்தார் வழி கூறுங்கால், "கிழக்கே போய் வடக்கே திரும்பு" என்பர். சோற்றுப் பானைக்கு மேற்கே உப்பு இருக்கிறது என்று வீட்டினுள்ளும் திசை சொல்லும் வழக்கமுண்டு. நகரத்தாரோ இடப்பக்கம் வலப்பக்கம் என்பர். எரிக் பெடெர்சன் என்னும் மொழியியல் அறிஞர் 1990-களில் தமிழ் பேசுவாரிடையே ஆராய்ந்து, சிற்றூரார்க்கும் நகரத்தார்க்கும் உள்ள இவ்வேறுபாட்டை எடுத்துரைத்தார். உயர்ந்த மாடங்களிடையே கதிரவன் மறைய, சுரங்கத்துள் ஓடும் மெட்ரோ இரயிலில் சென்று வேறோர் இடத்தில் வெளிப்படும் சிற்றூரார், தாம் என்றும் கைவிடாத ஒரு கருவியை இழந்தவராகின்றார். அவரை வழி தெரியாதவர் என்பது பிழை. வழி காணும் முறை இரண்டனுள் ஒன்றை அவர் நகரத்தாரினும் நன்கு அறிந்தவர்.

இனி, காலம் பற்றிக் கூறுவோம். பொழுது சாயுமுன் வருகிறேன் என்பது ஊர்க்கணக்கு. நகரத்தில் மின்சார இரயில் நிமிடத்தைக் கணக்கிட்டு ஓடுகின்றது. மார்க் போர்ன்ஸ்டைன், ஹெலன் போர்ன்ஸ்டைன் என்னும் இருவர் ஆறு நாடுகளின் 15 ஊர்களில் மக்களின் நடைவேகத்தை அளந்து 1976-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஊரின் மக்கட்டொகை பெருகப் பெருக நடையும் விரைவதாக அவர்கள் கண்டனர்.

இவ்விரைவு நடையை மட்டுமோ மாற்றுகின்றது? பிரின்ஸ்டன் இறையியற் கல்லூரி மாணவர் நாற்பதின்மரை வைத்து ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்னும் இருவர் 1973-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். மாணவர் சிலர் நல்ல சமாரியன் உவமையைப் பற்றியும், ஏனையோர் வேறு பொருள் பற்றியும் பேசுதற்கு அடுத்த கட்டடத்திற்கு அனுப்பப்பட்டனர். வழியில் ஒருவர் குனிந்து இருமி முனகிக் கிடக்குமாறு ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. விரைவில்லாதிருந்தவருள் நூற்றுக்கு 63 பேர் அவர்க்கு உதவ முற்பட்டனர். காலந்தாழ்ந்ததென விரைவிக்கப்பட்டவருள் நூற்றுக்கு 10 பேரே உதவினர். பேசப்போகும் பொருள் சமாரியன் உவமையாயிருந்தும் அதனால் பெரிய வேறுபாடு நேர்ந்திலது. நகரத்தாரிடம் நாம் காணும் கன்னெஞ்சத்துட் பெரும்பகுதி விரைவின் விளைவே என்று இதனால் உணரலாம்.

இங்ஙனம் கூறுதலால் சிற்றூரே சுவர்க்கம் என்று கொள்ளுதல் கூடாது. எல்லாரும் எல்லாரையும் அறிந்திருத்தல் ஒருவர்க்கு ஆதரவாவது போலவே மற்றொருவர்க்குத் தளையாகவும் ஆகின்றது. இன்னான் இன்ன தெருவினன், இன்ன சாதியினன் என்று நாள்தோறும் நினைவுறுத்தப்பட்டவர்க்கு, யாரும் பெயர் கேளாத உணவு விடுதியில் எவரோடும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணுதல் ஒரு விடுதலையேயாம். 1948-ஆம் ஆண்டு நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் அவர்கள் சிற்றூரமைப்பைக் கடிந்து பேசியதும் இவ்வனுபவம் பற்றியே. நகரின் பாராமுகம் சிலர்க்குப் புண். சிலர்க்கு அதுவே மருந்து.

மேலும், நகரத்தார் யார்? 1693-ஆம் ஆண்டில் கிழக்கிந்தியக் கும்பினியார்க்கு வழங்கப்பட்ட எழும்பூர், புரசவாக்கம், தண்டையார்ப்பேட்டை ஆகியவை அந்நாளில் சிற்றூர்களே. நுங்கம்பாக்கம், வேளச்சேரி என்னும் பெயர்களில் பாக்கமும் சேரியும் இன்றும் நிலைத்துள்ளன. 1901-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இந்திய மக்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேரே நகரங்களில் வாழ்ந்தனர். 2011-ஆம் ஆண்டில் அத்தொகை 31 ஆகவும், தமிழ்நாட்டில் 48 ஆகவும் உயர்ந்தது. எனவே, பட்டிக்காட்டானைக் கண்டு நகைப்பவருள் பலர், அங்ஙனம் திகைத்து நின்ற ஒருவரின் மகனோ பேத்தியோ ஆவர்.

நம் கல்லூரிக்கும் ஆண்டுதோறும் சிற்றூர்களினின்றும் மாணவர் பலர் வருகின்றனர். முதல் திங்களில் அவர் தம் பேச்சையும் உடையையும் குறித்து நாணி, சோர்வுற்று, சில வேளைகளில் படிப்பையே விட்டு ஊர் திரும்ப எண்ணுகின்றனர். இது தம் குறையன்று, நான்கு படிகளுள் இரண்டாவது படி என்று அவர் உணர்வாராக. சாலையைக் கடக்கவும், அட்டவணை நோக்கி நடக்கவும், கேட்டாலன்றி வினவாதிருக்கவும் அவர் கற்கத்தான் வேண்டும். ஆயினும் எதிர்ப்பட்டாரை முகம் நோக்கும் வழக்கத்தை அவற்றிற்கு விலையாகக் கொடுத்துவிடல் வேண்டா. விடுதியில் மூத்த மாணவராய் இருப்போர்க்கும் ஒரு கடமையுண்டு. புதியவன் ஒருவன் படிக்கட்டில் தனித்து நிற்கக் கண்டால், மணி அடித்துவிட்டதாயினும் நின்று, "எந்த ஊர், தம்பி? சாப்பிட்டாயா?" என்று கேட்பாராக.