அயலகக் கல்வியும் உள்ளூர்த் தேவையும்

திருவட்டாற்றில் ஆதிகேசவப் பெருமாள் பள்ளிகொண்டுள்ளார். அங்கிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் வடமேற்கே, திருவனந்தபுரத்தில் பத்மநாபர் பள்ளிகொண்டுள்ளார். இவ்விரு கோயில்களுக்கும் இடைப்பட்ட வழி மிகப் பழையது. வழிபாட்டுக்காகவும் வணிகத்துக்காகவும் திருவிதாங்கூர் அரசின் அலுவல்களுக்காகவும் மக்கள் நடந்த வழி அது. 1956 நவம்பர் 1 அன்று கல்குளம், விளவங்கோடு, தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்கள் தமிழகத்தோடு இணைந்தபின் மாநில எல்லை அவ்வழியின் குறுக்கே அமைந்தது. ஆயினும் உயர் மருத்துவத்துக்காக வடக்கே செல்லும் வழக்கம் நின்றுவிடவில்லை. இதயநோய் உற்றவர்கள் தேடிச் செல்லும் இடங்களுள் திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் ஒன்று. நோயாளிக்குப் பொருத்தும் கருவியைத் தானே வடிவமைத்த மருத்துவமனை அது. அயல்நாட்டில் கற்றுத் திரும்பிய ஒருவரின் கல்வி தாய்நாட்டில் என்னவாகிறது என்னும் வினாவுக்கு அந்நிறுவனத்தின் வரலாற்றில் நல்ல விடை உண்டு.

வருகைதரு ஆய்வாளர்

பட்டம் பெறுவதற்காக வெளிநாடு செல்வோரை நாம் அறிவோம். வேலைக்காகச் செல்வோரையும் அறிவோம். குமரி மாவட்டத்தில் அத்தகையோர் இல்லாத ஊரே இல்லை எனலாம். வருகைதரு ஆய்வாளர் இவ்விரு வகையிலும் சேராதவர். அவர் தம் நாட்டில் ஏற்கெனவே ஆய்விலோ மருத்துவப் பணியிலோ ஈடுபட்டிருப்பவர். சில மாதங்களுக்கோ ஓராண்டுக்கோ அயல்நாட்டு ஆய்வகம் ஒன்று அவரை ஏற்றுக்கொள்கிறது. பயணச் செலவையும் தங்கும் செலவையும் ஓர் அறக்கட்டளையோ அரசோ வழங்குகிறது. இவ்வுதவியையே நல்கை என்கிறோம். காலம் முடிந்ததும் அவர் தம் பணியிடத்துக்குத் திரும்புகிறார்.

நல்கைக்கு விண்ணப்பிப்போரிடம் பொதுவாகச் சில வினாக்கள் கேட்கப்படுகின்றன. எந்தச் சிக்கலை ஆராயப்போகிறீர்? அதனை ஏன் அங்குதான் ஆராய வேண்டும்? திரும்பியபின் என்ன செய்வீர்? இவற்றுள் மூன்றாவது வினாவைப் பலர் சடங்காகக் கருதி ஓரிரு வரிகளில் விடையளித்துவிடுகின்றனர். உண்மையில் கடினமான வினா அதுவே.

அறிவு எப்போதும் இங்கிருந்து அங்கே சென்றுதான் திரும்ப வேண்டும் என்பதில்லை. தக்கலைக்குத் தெற்கேயுள்ள நெய்யூரில் 1838-ஆம் ஆண்டிலேயே இலண்டன் மிஷன் மருத்துவப்பணி தொடங்கிவிட்டது. 1922-ஆம் ஆண்டு எவரெஸ்ட் மலையேற்றக் குழுவில் இடம்பெற்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் தியோடர் ஹோவர்ட் சாமர்வெல், மலையிலிருந்து இறங்கியபின் இந்தியாவைச் சுற்றிப் பார்த்தார். அப்போது நெய்யூருக்கும் வந்தார். காத்திருக்கும் நோயாளிகளின் கூட்டத்தையும் மருத்துவர்களின் பற்றாக்குறையையும் கண்ட அவர், இலண்டனில் தமக்குக் காத்திருந்த வாழ்வை விடுத்து அங்கேயே பணியாற்றினார். 1933-ஆம் ஆண்டில் அதே மருத்துவமனையின் மற்றொரு மருத்துவர், வெற்றிலையோடு புகையிலையைச் சேர்த்து மெல்வதற்கும் வாய்ப்புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைத் திருவிதாங்கூர் நோயாளிகளைக் கொண்டு ஆராய்ந்து, இலண்டனின் 'லான்செட்' மருத்துவ இதழில் கட்டுரை எழுதினார். உலகம் அன்று நெய்யூரிடமிருந்து கற்றது.

பழுதுபடும் கதவு

இதயத்தில் குருதி ஒரே திசையில் செல்ல வேண்டும். அதற்காக அமைந்த கதவுகளே வால்வுகள். இடப்புற மேலறைக்கும் கீழறைக்கும் இடையே ஈரிதழ் வால்வு உள்ளது. கீழறையிலிருந்து பெருந்தமனி புறப்படும் வாயிலில் மற்றொரு வால்வு உள்ளது. இவை நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் முறை திறந்து மூடுகின்றன.

இக்கதவுகள் பழுதுபடுவதற்கான காரணம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. செல்வ நாடுகளில் பெரும்பாலும் முதுமையால் வால்வு தேய்கிறது. தடித்துச் சுண்ணம் படிகிறது. நம் நாட்டிலோ பல்லாண்டுகளாக முதன்மைக் காரணமாக இருந்தது ருமாட்டிக் காய்ச்சல். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் பாக்டீரியத்தால் சிறுவர்க்குத் தொண்டைப்புண் உண்டாகிறது. உரிய காலத்தில் பென்சிலின் கொடுத்தால் தீர்ந்துவிடக்கூடிய நோய் இது. கொடுக்காவிட்டால், சிலருக்குக் கிருமியை எதிர்க்கும் உடலின் காப்பாற்றல் தன் வால்வையே தாக்குகிறது. ஐந்து முதல் பதினைந்து வயது வரை உள்ளோரே இதற்கு மிகுதியாக ஆளாகின்றனர். நெருக்கடியான வீடுகளில் இந்நோய் எளிதில் பரவும். ஆகவே வால்வு பழுதுற்று மருத்துவமனைக்கு வந்தோர் பெரும்பாலும் இளைஞர்கள், ஏழைகள். முதியோருக்காகச் செல்வ நாடுகளில் செய்யப்பட்ட கருவியின் விலை இவர்களுக்கு எட்டாததாக இருந்தது.

வலியத்தானின் பயணம்

மாவேலிக்கரையில் 1934-இல் பிறந்த எம். எஸ். வலியத்தான், திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரியில் படித்தவர். இங்கிலாந்தில் அறுவை மருத்துவத்தில் உயர்பட்டம் பெற்றபின், அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ், ஜார்ஜ்டவுன் முதலிய பல்கலைக்கழக மருத்துவமனைகளில் இதய அறுவை பயின்றார். இன்றைய குறுகிய கால நல்கை போன்றதன்று அது, ஆண்டுக்கணக்கான பயிற்சி. ஜார்ஜ்டவுனில் அவருக்கு வழிகாட்டியவர் சார்லஸ் ஹஃப்னகல். 1952-ஆம் ஆண்டில் நெகிழிக் குழாய்க்குள் பந்து ஒன்று ஏறி இறங்கும் செயற்கை வால்வை மனித உடலில் முதன்முதலாகப் பொருத்தியவர் அவர். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வழிகாட்டிய வின்சென்ட் காட்டும் செயற்கை வால்வு ஒன்றை உருவாக்கியவரே. கருவியைப் பொருத்தும் கையும் கருவியை எண்ணிப் பார்க்கும் மனமும் ஒருவரிடத்தே இருக்கலாம் என்பதை வலியத்தான் இவர்களிடம் கண்டார். அறுவை நுணுக்கத்தை வேறிடங்களிலும் கற்றிருக்கலாம். இதனை அக்காலத்தில் இந்தியாவில் காண்பது அரிது.

1974-இல் கேரள முதலமைச்சர் சி. அச்சுத மேனனின் அழைப்பை ஏற்றுத் திருவனந்தபுரத்துக்கு வந்தார். திருவிதாங்கூர் அரச குடும்பம் மக்களுக்கு வழங்கிய கட்டடத்தில் மருத்துவமனை உருவாகிக்கொண்டிருந்தது. வால்வு மாற்றும் அறுவையில் தேர்ந்தவர் இருக்கிறார். மாற்றுவதற்குரிய வால்வை வாங்க நோயாளியிடம் பணம் இல்லை. கற்ற கல்வி கையில் இருந்தும் பயன்படாத நிலை இது. அயல்நாட்டிலிருந்து திரும்பும் மருத்துவர் பலர் இந்நிலையில் மீண்டும் விமானம் ஏறிவிடுவது இயல்பு, அவர்களைக் குறைகூறுவதற்கில்லை. வலியத்தான் வால்வை இங்கேயே செய்ய முனைந்தார். பூஜப்புரையிலுள்ள சாட்டல்மண்ட் அரண்மனையில் உயிரிமருத்துவத் தொழில்நுட்பப் பிரிவு அமைந்தது. அரசி வாழ்ந்த மாளிகையில் கடைசல் பொறிகளும் சோதனைக் கருவிகளும் இடம்பெற்றன. ஜி. எஸ். புவனேஸ்வர் முதலிய பொறியாளர்கள் மருத்துவர்களோடு ஒரே நிறுவனத்தின் கீழ்ப் பணியாற்றினர்.

மூன்று தோல்விகள்

அவர்கள் தேர்ந்தது சாயும் வட்டு வகை வால்வு. உலோக வளையத்துக்குள் ஒரு வட்டு, குருதி உந்தும்போது சாய்ந்து வழிவிடும். உந்துதல் நின்றதும் திரும்பி அடைத்துக்கொள்ளும். விலங்குத் திசுவால் செய்யும் வால்வுகளும் உண்டு. ஆயினும் அவை இளையோர் உடலில் விரைவில் சிதைகின்றன. இருபது வயதினருக்கு நெடுங்காலம் உழைக்கும் வால்வே வேண்டும்.

எண்ணிப் பார்த்தால் பணியின் கடுமை விளங்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடி முறை. பத்தாண்டுகளில் 40 கோடி முறை வட்டு அசைய வேண்டும். ஒருமுறையேனும் சிக்கிக்கொண்டால் உயிர் போகும். மேலைநாடுகளில் வட்டுக்குப் பயன்படுத்திய சிறப்புக் கரிமப்பொருளைச் செய்யும் நுட்பம் அன்று இந்தியாவில் இல்லை. எனவே வேறு பொருள்களைத் தேட வேண்டியிருந்தது.

முதல் வடிவத்தில் உலோகத் தாங்கியின் பற்றவைப்பு முறிந்தது. அடுத்ததில் செயற்கை நீலக்கல் படிகத்தால் வட்டு செய்தனர். மிகக் கடினமான அப்படிகம் டைட்டானிய வளையத்தைத் தேய்த்துவிட்டது. வளையத்தின் உலோகத்தை மாற்றி மூன்றாவது வடிவத்தைச் செய்தனர். அது ஆய்வகச் சோதனையைக் கடந்து செம்மறியாட்டின் உடல் வரை சென்றது; அங்கே நீலக்கல் வட்டு உடைந்தது. ஒவ்வொரு தோல்வியும் ஆண்டுகளை விழுங்கியது. பொதுப்பணத்தில் நடக்கும் ஆய்வில் மூன்றாம் தோல்விக்குப் பின்னும் நான்காம் முயற்சிக்கு இசைவு பெறுவது எளிதன்று. என் எண்ணத்தில், இக்கதையின் அரிய பகுதி வெற்றியைவிட இந்த இசைவே.

நான்காவது வடிவத்தில் கடினத்தைக் கைவிட்டு மென்மையை நாடினர். மிகையெடை மூலக்கூறு கொண்ட பாலிஎத்திலீனால் வட்டு அமைந்தது. செயற்கை இடுப்பு மூட்டில் ஏற்கெனவே பயன்பட்டுவந்த நெகிழி இது. வளையம் குரோமியம், கோபால்ட் கலந்த உலோகக் கலவை. இதயத்தோடு தைப்பதற்குப் பாலியெஸ்டர் துணி விளிம்பு. இவ்வடிவம் எல்லாச் சோதனைகளையும் தாங்கியது.

1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்குச் 'சித்ரா வால்வு' பொருத்தப்பட்டது. தொடர்ந்து நாட்டின் ஆறு மருத்துவமனைகளில் 306 நோயாளிகளிடம் ஆய்வு நடைபெற்றது. 1995-இன் இறுதியில் சென்னையைச் சேர்ந்த டி.டி.கே. குழுமம் விற்பனையைத் தொடங்கியது. இதுவரை பொருத்தப்பட்டவற்றின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைக் கடந்துவிட்டது. கண்ணாடிப் புட்டிகளுக்கு மாற்றாக வந்த குருதிப் பைகளின் நுட்பத்தையும் இந்நிறுவனம் உருவாக்கித் தொழிலகத்துக்கு வழங்கியுள்ளது. 1994 வரை நிறுவனத்தை வழிநடத்திய வலியத்தான் 2024 ஜூலை 17 அன்று காலமானார்.

இன்றைய வாய்ப்புகள்

1950-இல் இந்தியாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கையால் தொடங்கிய ஃபுல்பிரைட் நல்கை, 2008 முதல் இருநாடுகளும் செலவைப் பகிரும் ஃபுல்பிரைட்-நேரு நல்கையாகத் தொடர்கிறது. இந்நல்கையில் செல்வோர், முடிந்தபின் ஈராண்டு தாய்நாட்டில் வாழ்ந்தாக வேண்டும் என்பது விதி. கட்டாயமாகத் தோன்றினாலும் நல்கையின் நோக்கத்தை அவ்விதியே காக்கிறது. நெடுங்காலம் வெளிநாட்டில் ஆய்வு செய்தோர் நாடு திரும்பிப் பணியாற்ற, இந்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை ராமலிங்கசுவாமி நல்கையை வழங்குகிறது.

இவற்றினும் வேறுபட்டது ஸ்டான்ஃபோர்டு-இந்தியா பயோடிசைன் திட்டம். டெல்லியின் எய்ம்ஸ் மருத்துவமனையும் ஐ.ஐ.டி.யும் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து நடத்தியது. மருத்துவரும் பொறியாளரும் ஒரு குழுவாகச் சில மாதங்கள் ஸ்டான்ஃபோர்டில் பயின்றபின், இந்திய மருத்துவமனைகளில் வாரக்கணக்கில் நின்று கவனிக்க வேண்டியிருந்தது. கருவியைப் பற்றி முதலில் சிந்திக்கக் கூடாது. செவிலியர் எங்கே திணறுகிறார், நோயாளி எதனால் சிகிச்சையைக் கைவிடுகிறார் எனப் பட்டியலிட்டு, அவற்றுள் ஒன்றைத் தேர்ந்த பின்னரே வடிவமைக்கத் தொடங்க வேண்டும்.

அப்பட்டியலில் சேர்க்கத்தக்க ஒன்று சித்ரா வால்வோடு சேர்ந்தே வருகிறது. உலோக வால்வு பொருத்தப்பட்டவர், அதன்மேல் குருதி உறையாதிருக்க வாழ்நாள் முழுதும் மருந்து உட்கொள்ள வேண்டும். மருந்து குறைந்தால் வால்வில் குருதி உறையும். மிகுந்தால் உடலுக்குள் குருதி கசியும். ஆகவே குருதி உறையும் நேரத்தைக் குறித்த இடைவெளியில் சோதித்து அளவைத் திருத்த வேண்டும். திருவட்டாற்றின் மலையோரத்தில் விடியுமுன் ரப்பர் பால் எடுக்கச் செல்லும் ஒருவருக்கு, அச்சோதனை அரைநாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் விழுங்கும். விரல் நுனியின் ஒரு துளிக் குருதியில் வீட்டிலேயே அளவு காட்டும் சிறு கருவி அயல்நாடுகளில் பல்லாண்டுகளாக உள்ளது. ஆனால் ஒவ்வொரு சோதனைக்கும் புதிய பட்டை ஒன்று வேண்டும். செலவு அந்தப் பட்டையில்தான் இருக்கிறது.