கருவியும் அருகிருப்போரும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னை செல்லும் நெடுஞ்சாலையில், பெரம்பலூருக்குச் சற்று முன்னர் அமைந்துள்ளது சிறுவாச்சூர். மதுரகாளியம்மன் திருக்கோயிலால் பெயர்பெற்ற ஊர் அது. திங்களும் வெள்ளியும் அங்குப் பெருங்கூட்டம் கூடும். அதே ஊரில் இன்று தனலட்சுமி சீனிவாசன் மருத்துவக் கல்லூரியும் மருத்துவமனையும் இயங்குகின்றன. நேர்த்திக்கடன் செலுத்த வருவோரும் ஸ்கேன் எடுக்க வருவோரும் ஒரே பேருந்திலிருந்து இறங்குவர். பல வேளைகளில் இருவரும் ஒருவரே. இறைநம்பிக்கை உடையோர் கருவியை நம்பமாட்டார் என்பது நகரத்தார் செய்துகொண்ட கற்பனை.

சிற்றூர் மக்கள் மருத்துவத்தில் புதிய நுட்பங்களைக் கண்டு அஞ்சுவர் என்று கருத்தரங்குகளில் கூறப்படுவதுண்டு. இக்கூற்றை ஆராய்தல் வேண்டும். ஊசி போடாத மருத்துவரை மருத்துவர் என்றே மதிக்காதவர் நம் ஊர்களில் பலர். களைப்பு என்று வந்தவர் தாமே குளுக்கோஸ் ஏற்றச் சொல்லிக் கேட்பதும் உண்டு. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஊர்தி வந்தபின், அவ்வெண்ணை அறியாத குடிசை அரிதாயிற்று. 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் நூற்றுக்கு 99.6 மகப்பேறுகள் மருத்துவ நிலையங்களிலேயே நிகழ்ந்தன. அஞ்சுகின்ற மக்கள் இவ்வாறு செய்வரோ?

அஞ்சியிருந்தால் நன்றாயிருக்குமே என்று எண்ணத்தக்க இடமும் ஒன்றுண்டு. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்குத் தமிழ்நாட்டில் 943 பெண் குழந்தைகள் இருந்தனர். பெரம்பலூர் மாவட்டத்தில் 913; அரியலூரில் 897. பெண் மகவைச் சுமையாகக் கருதும் மனப்பாங்கே இதற்கு முதற்காரணம். கருவிலேயே ஆண், பெண் காட்டும் கருவி அம்மனப்பாங்குக்குக் கைகொடுத்தது. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைக் கண்டு கூறுதலைத் தடைசெய்தும், கூறுவோர் முற்றிலும் ஒழிந்தாரில்லை. ஒரே கருவி, நேர்மையாளர் கையில் தாயையும் சேயையும் காக்கிறது. காசுக்கு வாய் திறப்பவர் கையில் கொலைக்கருவியாகிறது.

ஆகவே, கருவியைப் பற்றி மட்டும் வினவினால் மக்களின் மனத்தை அறிய முடியாது. அதன் அருகில் நிற்பவர் யார் என்றும் வினவுதல் வேண்டும். தொலை மருத்துவத்தில் இது தெளிவாகத் தெரிகிறது. 2000-ஆம் ஆண்டு மார்ச் 24 அன்று, ஆந்திரத்தின் அரகொண்டா என்னும் சிற்றூரில் அப்பல்லோ நிறுவனத்தாரின் தொலை மருத்துவ நிலையத்தை அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கிளிண்டன் தொடங்கிவைத்தார். பின்னர் 2019 நவம்பரில் நடுவணரசின் இ-சஞ்சீவனி வந்தது. பெருந்தொற்றின்போது, 2020 ஏப்ரலில், வீட்டிலிருந்தே மருத்துவரைக் காணும் வழியும் அதில் சேர்ந்தது. வசதி பெருகியும், ‘ஐயா தொட்டுப் பார்க்கவில்லையே’ என்னும் குறை ஊர்ப்புறத்தில் நின்றுவிடவில்லை.

இக்குறையை அறியாமை என்று தள்ளுதல் எளிது, ஆனால் பொருந்தாது. நம் மாவட்டத்து லெப்பைக்குடிக்காட்டில், வளைகுடா நாட்டிலுள்ள மகனோடு முகம் பார்த்துப் பேசும் மூதாட்டிக்குத் திரையைக் கண்டு தயக்கம் எதுவுமில்லை. மகனை அவர் அறிவார். திரையில் வரும் மருத்துவரை அறியார். இன்று ஒருவர், மறுமுறை வேறொருவர். பெண்களுக்கோ இன்னொரு ஐயமும் உண்டு. அந்தப் பக்கம் வேறு எவர் இருக்கிறார்? உடலைக் காட்டினால் அப்படம் எங்கே போகும்? படித்தவரும் கேட்கவேண்டிய வினாக்கள் இவை.

ஈண்டு ஒரு செய்தி நினைவுகூரத் தக்கது. 1816-இல் பாரிசில் லேனெக் என்னும் மருத்துவர், இளம்பெண் ஒருவரின் மார்பில் காதை வைத்துக் கேட்க நாணி, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி அதன்வழியே கேட்டார். அதுவே ஸ்டெதாஸ்கோப்பின் பிறப்பு. நோயாளிக்கும் மருத்துவருக்கும் இடையே தொலைவை உண்டாக்க வந்த அக்குழாயையே, ‘குழாய் வைத்துப் பார்த்தார்’ என்று நெருக்கத்தின் அடையாளமாக இன்று நம் மக்கள் பேசுகின்றனர்.

மருத்துவத்தை நான்காகப் பகுத்த வள்ளுவர், நோயாளி, மருத்துவர், மருந்து என்பவற்றோடு நில்லாமல், உடனிருந்து பேணுபவரையும் ஓர் உறுப்பாக வைத்தார். தொலை மருத்துவத் திட்டங்கள் பலவும் இந்நான்காமவரை மறந்தே தொடங்கப்பெற்றன. மறவாதவை நிலைத்தன. அரவிந்த் கண் மருத்துவமனையினர் தேனிப் பகுதியில் அமைத்த சிற்றூர்க் கண் நிலையங்களில், பயிற்சி பெற்ற பெண் பணியாளர் கண்ணைப் பரிசோதிக்க, தொலைவிலுள்ள மருத்துவர் திரைவழியே நோயாளியோடு பேசினார். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், மகளிர் சுய உதவிக் குழுக்களைச் சேர்ந்த உள்ளூர்ப் பெண்களே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் அளக்கும் கருவிகளோடு வீடு தேடிச் சென்றனர். அறிந்த பெண் கொண்டுவரும் கருவிக்குக் கதவு திறக்கிறது.

தமிழ்த்துறையைச் சார்ந்தோர்க்கு இதில் என்ன பணி என்று கேட்கலாம். பெரும்பணியே உண்டு. ‘நெஞ்சு கரிக்கிறது’ என்பது வேறு, ‘நெஞ்சை அடைக்கிறது’ என்பது வேறு. முன்னது பெரும்பாலும் வயிற்றுப் புளிப்பு. பின்னது மாரடைப்பாகவும் இருக்கலாம். திரைக்கு அப்பாலிருக்கும், நம் வட்டார வழக்கறியாத மருத்துவர் இரண்டையும் ‘நெஞ்சு வலி’ என்று ஒன்றாகவே குறித்துக்கொள்ளக்கூடும். கிறுகிறுப்பு, படபடப்பு, விலாக்குத்து, மேல்மூச்சு எனப் பெரம்பலூர், அரியலூர்ச் சிற்றூர்களில் நோயைச் சொல்ல வழங்கும் சொற்களை நம் மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று தொகுத்து, ஒவ்வொன்றின் பொருளையும் செவிலியரிடமும் மருத்துவரிடமும் கேட்டு எழுதலாம். அடுத்த விடுமுறையில் சிறுவாச்சூரிலிருந்தே தொடங்கலாம்.