முள் பொய் சொல்லுமா?

பழைய காரின் ஸ்பீடோமீட்டரை நீங்களே சோதிக்கலாம்!

இப்படி ஒரு காட்சியை எண்ணிப் பாருங்கள்.

ஒரு பழைய அம்பாசடர் கார். அப்பா ஓட்டுகிறார். பக்கத்தில் அம்மா. பின்னால் பாட்டியும் இரண்டு குழந்தைகளும். திருச்சியிலிருந்து மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகிறார்கள்.

"கொஞ்சம் மெதுவாகப் போங்களேன்" என்கிறார் அம்மா.

"60-க்கு மேலே போகவில்லையே! முள்ளைப் பார்" என்கிறார் அப்பா.

அம்மா முள்ளைப் பார்க்கவில்லை. சாலை ஓரத்தில் வரும் கிலோமீட்டர் கல்லைப் பார்க்கிறார். கையில் கட்டியிருக்கும் கடிகாரத்தைப் பார்க்கிறார். அடுத்த கல் வந்ததும் மறுபடியும் கடிகாரத்தைப் பார்க்கிறார்.

"ஒரு கல்லைத் தாண்டி அடுத்த கல் வர 50 விநாடிதான் ஆயிற்று. 60 கிலோமீட்டர் வேகம் என்றால் 60 விநாடி ஆகவேண்டாமா?"

யார் சொன்னது சரி? அம்மா சொன்னதுதான் சரி! கார் போன வேகம் மணிக்கு 60 கிலோமீட்டர் அல்ல, 72 கிலோமீட்டர். முள் பொய் சொல்லிவிட்டது.

12 கிலோமீட்டர்தானே?

"12 கிலோமீட்டர் கூடினால் என்ன?" என்று கேட்கலாம்.

60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார், பிரேக் போட்ட இடத்திலிருந்து 100 அடி ஓடி நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே கார், அதே சாலையில், 72 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 144 அடி ஓடித்தான் நிற்கும். வேகம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடியது. நிற்கும் தூரமோ ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது!

அந்த 44 அடிக்குள் ஓர் ஆடு நிற்கலாம். ஒரு குழந்தையும் நிற்கலாம்.

"எனக்குக் கண் கணக்கே போதும்" என்று சில டிரைவர்கள் சொல்வது உண்டு. அது தவறு. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் வேகமாகப் போய்விட்டு ஊருக்குள் நுழைந்தால், 60 கூட ஊர்வது போலத் தோன்றும். கண் ஏமாற்றும். அதனால்தான் காரில் ஸ்பீடோமீட்டர் இருக்கவேண்டும் என்று 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் சொல்கின்றன.

உள்ளே என்ன இருக்கிறது?

அம்பாசடர் கார்கள் 1950-களின் இறுதியிலிருந்து 2014 வரை நம் நாட்டில் தயாராயின. பழைய அம்பாசடர், பழைய பியட் ஆகியவற்றில் இருப்பது கேபிளால் ஓடும் மீட்டர். (புதிய கார்களில் கேபிள் கிடையாது. அங்கே மின்சார சென்சார் வேலை செய்கிறது.)

கியர் பாக்ஸிலிருந்து ஒரு கேபிள் மீட்டருக்கு வருகிறது. கேபிளின் உறைக்குள் ஒரு முறுக்குக் கம்பி இருக்கிறது. சக்கரம் சுற்றினால் இந்தக் கம்பியும் சுற்றும்.

கம்பியின் மேல்முனை மீட்டருக்குள் இருக்கும் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. காந்தத்தை மூடினாற்போல் ஓர் அலுமினியக் கிண்ணம் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை! அந்தக் கிண்ணத்தோடு சேர்ந்ததுதான் முள்.

காந்தம் அலுமினியத்தை இழுக்காது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோமே? உண்மைதான். சும்மா நிற்கும் காந்தம் இழுக்காது. ஆனால், காந்தம் சுற்றும்போது கிண்ணத்தில் சிறு மின்சாரச் சுழல்கள் உண்டாகின்றன. அவை கிண்ணத்தையும் காந்தத்தோடு திருப்பப் பார்க்கின்றன. தலைமுடி போன்ற ஒரு சுருள் வில் கிண்ணத்தைப் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிறது. இந்த இழுபறியில் முள் எங்கே நிற்கிறதோ, அதுதான் வேகம்!

இந்த முறைக்கு 1902-ஆம் ஆண்டிலேயே பெர்லினில் காப்புரிமை பெற்றவர் ஓட்டோ சூல்ட்சே என்ற பொறியாளர்.

முள்ளுக்குக் கீழே எண்கள் ஓடுகின்றன அல்லவா? கார் ஓடிய தூரத்தைக் காட்டும் எண்கள் அவை. அவற்றுக்குக் காந்தம் தேவை இல்லை. அதே கம்பி, பல் சக்கரங்கள் மூலம் அவற்றை நேராகச் சுற்றுகிறது.

ஒரே கம்பி, இரண்டு வேலை! இதை நினைவில் வைத்துக்கொண்டால் கோளாறைக் கண்டுபிடிப்பது எளிது.

கோளாறு எங்கே?

*முள்ளும் அசையவில்லை, எண்ணும் ஓடவில்லை:* இரண்டுக்கும் பொதுவானது கேபிள். பெரும்பாலும் கம்பி அறுந்திருக்கும். அல்லது அது மாட்டும் இடத்திலிருந்து கழன்றிருக்கும். அல்லது கியர் பாக்ஸில் அதைச் சுற்றும் சிறிய பல் சக்கரம் தேய்ந்திருக்கும்.

*எண் ஓடுகிறது, முள் மட்டும் அசையவில்லை:* கேபிள் நன்றாக இருக்கிறது. கோளாறு மீட்டருக்குள் இருக்கிறது.

*முள் ஓடுகிறது, எண் நின்றுவிட்டது:* இதுவும் மீட்டருக்குள் இருக்கும் கோளாறுதான். எண்களைச் சுற்றும் பல் சக்கரம் உடைந்திருக்கும்.

*முள் நடுங்குகிறது, கிறீச்சென்று சத்தமும் வருகிறது:* கேபிள் வறண்டுவிட்டது. அல்லது எங்கேயோ சட்டென்று மடங்கி நெருக்குகிறது.

*முள் உச்சிக்கு ஏறி அங்கேயே நிற்கிறது:* சுருள் வில் அறுந்திருக்கலாம். அல்லது கிரீசும் எண்ணெயும் கேபிள் வழியே ஏறி, காந்தத்தையும் கிண்ணத்தையும் ஒட்டவைத்திருக்கலாம்.

தள்ளிப் பாருங்கள்!

முள்ளும் எண்ணும் இரண்டுமே நின்றுவிட்டால் ஒரு சுலபமான சோதனை உண்டு.

காரைச் சமதரையில் நிறுத்துங்கள். என்ஜினை நிறுத்திவிட்டு கியரை நியூட்ரலில் போடுங்கள். மீட்டரின் பின்னால் இருக்கும் திருகைக் கழற்றி, கேபிளின் மேல்முனையை வெளியே எடுங்கள். ஒருவர் பிரேக் பக்கத்தில் உட்காரட்டும். இன்னும் இருவர் காரை 10 அடி முன்னால் தள்ளட்டும்.

கம்பியின் முனை சுற்றினால் கேபிள் நல்ல கேபிள். மீட்டரைக் கழற்றி ரிப்பேருக்குக் கொடுங்கள். முனை சுற்றாவிட்டால் மீட்டருக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்! கோளாறு கேபிளில் அல்லது கியர் பாக்ஸ் பக்கத்தில்தான். மெக்கானிக்கிடம் காட்டுங்கள். என்ஜின் ஓடும்போது காருக்கு அடியில் யாரும் போகக்கூடாது.

புதிய கேபிளுக்குக் கிரீசை லேசாகத் தடவினால் போதும். மீட்டர் பக்கத்து முனையில் ஒரு சாண் நீளத்துக்குத் தடவவே வேண்டாம். அந்தக் கிரீஸ்தான் மீட்டருக்குள் ஏறிக் கெடுக்கும்.

கல்லும் கடிகாரமும்

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, நன்றாக ஓடுவது போல நடிக்கும் மீட்டர்! அதைப் பிடிக்கத்தான் அம்மாவின் கடிகாரம்.

காரை ஒரே சீரான வேகத்தில் ஓட்டவேண்டும். ஒரு கிலோமீட்டர் கல்லிலிருந்து அடுத்த கல் வரை எத்தனை விநாடி ஆகிறது என்று பக்கத்தில் இருப்பவர் எண்ணவேண்டும். 3600-ஐ அந்த விநாடியால் வகுத்தால் வேகம் கிடைத்துவிடும்.

90 விநாடி என்றால் 40 கிலோமீட்டர். 72 விநாடி என்றால் 50. 60 விநாடி என்றால் 60. 45 விநாடி என்றால் 80. செல்போனில் செயற்கைக்கோள் மூலம் வேகம் காட்டும் வசதி இருந்தால் அதிலும் பார்க்கலாம். ஆனால், ஓட்டுகிறவர் அதைத் தொடக்கூடாது.

மிகவும் பழைய கார் என்றால், மீட்டரில் எழுதியிருப்பது மைலா கிலோமீட்டரா என்று முதலில் பாருங்கள். மைல் மீட்டரில் 60 என்றால் ஏறக்குறைய 97 கிலோமீட்டர் வேகம்!

பிறகு, 10 கல் தூரத்துக்கு மீட்டர் எண்களையும் ஒத்துப் பாருங்கள். எண் சரி, முள் தவறு என்றால் காந்தம் வலுவிழந்திருக்கும் அல்லது வில் கெட்டிருக்கும். முள்ளும் எண்ணும் ஒரே அளவுக்குத் தவறு என்றால் மீட்டரைக் குறை சொல்லாதீர்கள். யாரோ வேறு அளவு டயரையோ, வேறு பல் சக்கரத்தையோ மாட்டியிருப்பார்கள். பெரிய டயர் போட்டால் கார் வேகமாகப் போகும், முள்ளோ குறைவாகக் காட்டும்.

பழைய கார் வாங்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கேபிளைக் கழற்றிவிட்டால் எண் ஓடாது. ஆகவே, "குறைவாகத்தான் ஓடியிருக்கிறது" என்று எண்ணைக் காட்டினால் உடனே நம்பவேண்டாம். ஓட்டிப் பார்த்து, எண் நகருகிறதா என்று கவனியுங்கள்.

அம்மாவின் கணக்கு

நம் கல்யாணக் குடும்பத்துக்கு வருவோம். பின்னால் இருந்த குழந்தைகள் 10 கல் எண்ணினார்கள். மீட்டரிலும் சரியாக 10 கிலோமீட்டர் கூடியிருந்தது. ஆகவே கேபிள், கியர், டயர் எல்லாம் சரி. முள் மட்டுமே தவறு. மதுரைக்குப் போனதும் மீட்டர் ரிப்பேர்காரரைப் பார்க்கவேண்டும்.

அதுவரை என்ன செய்வது?

"முள் 50-இல் நிற்கட்டும்" என்றார் அம்மா. அப்பா வேகத்தைக் குறைத்தார். ஒரு கல் போயிற்று. அடுத்த கல் வந்தது. அம்மா கடிகாரத்தைப் பார்த்தார்.

சரியாக 60 விநாடி!

"இப்போதுதான் நிஜமான 60" என்றார். பின்னால் பாட்டி நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார்.