பி.பி மெஷின் பெட்டியில் இருக்கும் அந்தக் குட்டி முகவரி... மெடிக்கல் டிவைஸ் ஏஜென்ட்டை எப்படித் தேர்ந்தெடுப்பது?

வீட்டில் பி.பி மெஷின் இருக்கிறதா? அந்த அட்டைப்பெட்டியை ஒருமுறை பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் தயாரித்த கம்பெனியின் பெயர், லைசென்ஸ் எண் இருக்கும். வெளிநாட்டுக் கருவி என்றால், அதை இங்கே இறக்குமதி செய்தவரின் பெயரும் முகவரியும் இருக்கும். ‘இதையெல்லாம் யாருங்க படிப்பாங்க?’ என்கிறீர்களா? கருவி தப்பாகக் காட்டினால், நீங்கள் பிடிக்க வேண்டிய ஆள் அங்கேதான் இருக்கிறார்.

கல்வராயன் மலைக்கு வருவோம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், ஊழியர்கள் வீடு தேடிப் போய் பி.பி, சுகர் பார்க்கிறார்கள். கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைப் பக்கம் ஏறிவிட்டால், பெரிய ஆஸ்பத்திரிக்குத் திரும்ப கள்ளக்குறிச்சிக்குத்தான் இறங்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு பாட்டிக்கு எந்த மாத்திரை, எவ்வளவு என்பதில், பைக்குள் இருக்கும் அந்தச் சின்ன மெஷின் காட்டும் எண்ணுக்கும் பங்கு உண்டு. டவுனில் சந்தேகம் வந்தால் இன்னொரு இடத்தில் செக் பண்ணிக்கொள்ளலாம். மலையில் அது ஒரு நாள் பயணம். ஒரு நாள் கூலியும் போச்சு!

இப்போது நீங்களே அந்தப் பெட்டியின் மறுபக்கம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். பயோமெடிக்கல் முடித்துவிட்டு, ஃப்ரெண்ட்ஸோடு சேர்ந்து கள்ளக்குறிச்சியிலேயே ஒரு கருவி தயாரிக்கலாம், இல்லையென்றால் வெளிநாட்டிலிருந்து இறக்கி விற்கலாம் என்று பிளான். விஷயம் வெளியே தெரிந்ததுமே, ‘லைசென்ஸை நாங்க பார்த்துக்கறோம் ப்ரோ’ என்று போன் வரும். யாரை நம்புவது?

மூணு பேரையும் குழப்பிக்காதீங்க

முதலாவது ஆள், கன்சல்டன்ட். ஃபைல் தயார் செய்து தருபவர். இவருக்கென்று இந்தச் சட்டத்தில் தனி லைசென்ஸ் கிடையாது. அதனால், யார் வேண்டுமானாலும் விசிட்டிங் கார்டு அடிக்கலாம்.

இரண்டாவது, அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட். வெளிநாட்டுக் கம்பெனி பவர் ஆஃப் அட்டர்னி கொடுத்து இந்தியாவில் நியமிக்கும் ஆள். இறக்குமதி லைசென்ஸ் இவர் பெயரில்தான் வரும். கருவியால் எதிர்பாராத கடுமையான பாதிப்பு ஏற்பட்டது தெரிய வந்தால், 15 நாள்களுக்குள் அரசுக்குச் சொல்ல வேண்டிய பொறுப்பும் இவருடையதே. நீங்கள் உள்ளூரிலேயே தயாரிப்பவர் என்றால், இந்தியாவில் விற்க உங்களுக்கு ஏஜென்ட் தேவையில்லை. அந்தப் பொறுப்பு நேராக உங்கள் தலையில்!

மூன்றாவது, ‘நோட்டிஃபைடு பாடி’ எனப்படும் தணிக்கை நிறுவனம். உங்கள் தரக் கட்டுப்பாட்டை ஆய்வு செய்பவர்கள். பரீட்சைப் பேப்பர் திருத்துபவரே டியூஷனும் எடுக்கக் கூடாது இல்லையா? ‘ஆடிட்டும் நாங்களே, ஆலோசனையும் நாங்களே’ என்று யாராவது சொன்னால் உஷார்.

முதல்ல உங்க கிளாஸ் என்னன்னு பாருங்க

2017-ல் வெளியான மருத்துவக் கருவிகள் விதிகள், ஆபத்தின் அளவை வைத்துக் கருவிகளை ஏ, பி, சி, டி என நான்காகப் பிரிக்கின்றன. நாக்கை அழுத்திப் பார்க்கும் பட்டை ஏ, ஊசி பி, வென்டிலேட்டர் சி, செயற்கை இதய வால்வு டி. ஏ, பி வகைகளைத் தயாரிக்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை லைசென்ஸ் தரும். சி, டி வகைகளுக்கும், எந்த வகையாக இருந்தாலும் இறக்குமதிக்கும் மத்திய அமைப்பான சி.டி.எஸ்.சி.ஓ-தான். ஏ, பி வகைகளுக்கு 2022 அக்டோபர் 1 முதலும், சி, டி வகைகளுக்கு 2023 அக்டோபர் 1 முதலும் லைசென்ஸ் கட்டாயம். ஏ வகையில் ஸ்டெரைல் செய்யாத, அளவிடும் வேலை இல்லாத கருவிகளுக்கு மட்டும் பதிவு செய்தால் போதும்.

விதிகளில் உள்ள கட்டணப் பட்டியல்படி, ஏ, பி தயாரிப்பு லைசென்ஸுக்கு 5,000 ரூபாய், ஒவ்வொரு கருவிக்கும் கூடுதலாக 500 ரூபாய். சி, டி என்றால் 50,000 ரூபாயும், கருவிக்கு 1,000 ரூபாயும். இதைத் தெரிந்துகொண்டு போய் உட்கார்ந்தால், கன்சல்டன்ட் சொல்லும் தொகையில் அரசுக்கு எவ்வளவு, அவருக்கு எவ்வளவு என்று நீங்களே பிரித்துக் கேட்கலாம்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

* ‘என் கருவி எந்த கிளாஸ்? ஏன்?’ உங்கள் கருவியை விளக்கிய பிறகும் இதற்கு பதில் வராமல், ரேட் மட்டும் வந்தால் கிளம்பிவிடுங்கள்.

* ‘இதே மாதிரி கருவிக்கு வாங்கின லைசென்ஸைக் காட்டுங்க.’ மருந்துக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்த அனுபவம் வேறு, கருவிக்கு வேறு. ஐ.எஸ்.ஓ 13485 தரக் கட்டமைப்பை உருவாக்கித் தந்திருக்கிறாரா என்றும் கேளுங்கள்.

* ‘ஆன்லைன் அக்கவுன்ட் யார் பெயரில்?’ போர்ட்டல் லாகின், இ-மெயில், ஓ.டி.பி வரும் மொபைல் எண் எல்லாம் உங்களுடையதாக இருக்கட்டும். சண்டை வந்து பிரிந்தாலும் ஃபைல் உங்களிடம் இருக்கும்.

* ‘லைசென்ஸ் வந்த பிறகு?’ லைசென்ஸைத் தக்கவைக்க 5 வருடத்துக்கு ஒருமுறை கட்டணம் கட்ட வேண்டும். நடுவில் புகார் வந்தால் யார் பதில் சொல்வது? இதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும்.

* ‘கண்டிப்பா வாங்கித் தந்துடுவோம், உள்ளே ஆள் இருக்கு’ என்பவரிடம் கேள்வியே வேண்டாம். டீ மட்டும் குடித்துவிட்டு வந்துவிடுங்கள்.

வெளிநாட்டுக்கு விற்கணுமா?

அது நடக்காத காரியமில்லை. 1992-ல் மதுரையில் தொடங்கிய ஆரோலேப், கண்புரை ஆபரேஷனுக்கான லென்ஸைத் தயாரித்துப் பல நாடுகளுக்கு அனுப்புகிறது. ஆனால், வெளிநாட்டுக்கு அனுப்பும்போது உங்களுக்கு அங்கே ஒரு பிரதிநிதி தேவைப்படுவார். ஐரோப்பிய யூனியனின் புதிய விதிமுறை 2021 மே 26 முதல் அமலில் இருக்கிறது. விதிப்படி கடமையைச் செய்யத் தவறிய தயாரிப்பாளரின் குறையுள்ள கருவிக்கு, பிரதிநிதியும் சேர்ந்து சட்டப்படி பொறுப்பேற்க வேண்டும். அதனால் நல்ல பிரதிநிதி உங்கள் ஃபைலைத் துருவித் துருவிப் பார்ப்பார். பார்க்காமலே கையெழுத்துப் போடுகிறவரைக் கண்டு சந்தோஷப்படாதீர்கள்.

அமெரிக்காவில் இன்னும் தெளிவு. அங்கே ஏஜென்ட்டின் முகவரி வெறும் தபால் பெட்டியாகவோ, குரல் பதிவு மெஷினாகவோ இருக்கக் கூடாது. நேரில் ஆள் இருக்க வேண்டும். இன்னொன்று, அமெரிக்க எஃப்.டி.ஏ கருவி நிறுவனங்களுக்கு ‘பதிவுச் சான்றிதழ்’ எதுவும் கொடுப்பதே இல்லை. தங்க முத்திரையோடு ‘எஃப்.டி.ஏ சர்டிஃபிகேட்’ வாங்கித் தருவதாகச் சொன்னால், அது அலங்காரக் காகிதம்தான்.

ஏன் இவ்வளவு கறார்?

2010 ஆகஸ்டில் டிப்யூ நிறுவனம் தன் ஏ.எஸ்.ஆர் இடுப்பு மூட்டுக் கருவியை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. இந்தியாவில் சுமார் 4,700 ஆபரேஷன்களில் அது பொருத்தப்பட்டிருந்தது. பின்னர் மத்திய அரசு அமைத்த நிபுணர் குழு விசாரித்தபோது, அடையாளம் காண முடிந்த நோயாளிகள் 1,080 பேர் மட்டுமே. மற்றவர்கள் எங்கே? விற்ற கருவி யார் உடம்பில், எந்த ஊரில் இருக்கிறது என்ற கணக்கு இல்லாவிட்டால், ‘திரும்பப் பெறுகிறோம்’ என்ற அறிவிப்பு மலைக்கு மேலே போய்ச் சேரவே சேராது.

அதனால் கடைசியாக ஒரு டெஸ்ட். நீங்கள் தேர்ந்தெடுக்கப்போகும் நபரின் நம்பருக்கு, கஸ்டமர் மாதிரி ஒரு சாதாரண மத்தியான நேரத்தில் போன் போடுங்கள். ‘மெஷின் தப்பா காட்டுதுங்க’ என்று சொல்லிப் பாருங்கள். எந்த பேட்ச், எப்போது வாங்கினீர்கள், யாருக்குப் பார்த்தீர்கள் என்று கேட்டால், அவர் உங்கள் ஆள். ‘அப்புறம் கூப்பிடுங்க’ என்றால், வேறு ஆளைப் பாருங்கள். வெள்ளிமலையில் இருந்து அழைக்கும் பாட்டிக்கும் அதே பதில்தானே கிடைக்கும்?

கருவியே வாங்காமல், வீட்டில் பயன்படுத்த மட்டும் செய்கிறவர்களுக்கும் ஒரு வழி உண்டு. மருத்துவக் கருவியால் பாதிப்பு என்றால் 1800-180-3024 என்ற இலவச எண்ணில் புகார் சொல்லலாம். நம்பரை சேவ் பண்ணிக்கோங்க. அப்படியே அந்தப் பி.பி மெஷின் பெட்டியையும் தூக்கிப் போட்டுடாதீங்க!