கன்னையாவின் தண்ணீர்

பழங்கதை ஒன்றை இக்காலச் சூழலில் வைத்து மீண்டும் சொல்லுதல் இலக்கிய மாணவர்க்குப் புதிய பயிற்சியன்று. ஆயினும், உடையையும் ஊர்தியையும் மாற்றிவிட்டாலே கதை புதிதாகிவிடும் என்னும் எண்ணம் நம்மிடையே பரவலாக உள்ளது. சீக்கியர் போற்றும் பாய் கன்னையாவின் வரலாற்றை எடுத்துக்கொண்டு, அஃது எவ்வாறு காலம் மாறக்கூடும் என ஆராய விழைகிறோம்.

கன்னையா 1648ஆம் ஆண்டு, இன்றைய பாகிஸ்தானில் வசீராபாத்தை அடுத்த சோத்ரா என்னும் ஊரில் பிறந்தவர். ஒன்பதாம் குரு தேக் பகதூரிடம் ஈடுபட்டவர். பின்னர்ப் பத்தாம் குரு கோவிந்த் சிங்கின் ஆனந்தபூரில் தொண்டாற்றினார். 1704ஆம் ஆண்டளவில் முகலாயப் படையும் மலைநாட்டு இந்து அரசர்களின் படையும் ஒன்றுசேர்ந்து ஆனந்தபூரைத் தாக்கின. (ஆகவே இதனை இரு மதங்களின் போர் எனச் சுருக்குதல் பொருந்தாது.) களத்தில் வீழ்ந்தோர்க்குக் கன்னையா தோற்பையில் நீர் சுமந்து சென்று புகட்டினார், தம்மவர் யார், மாற்றார் யார் என்று பார்த்திலர். வீரர்கள் குருவிடம் முறையிட்டனர். குரு அழைத்து வினவ, வீழ்ந்தோர் அனைவரிடத்தும் தங்கள் முகத்தையே கண்டேன் என்று அவர் விடையிறுத்ததாக மரபு கூறும். குரு சினந்திலர். மருந்தும் கட்டுத்துணியும் அளித்து, புண்களுக்கும் மருந்திடுமாறு பணித்தார்.

யர்மூக் களத்தில் தாகத்தால் துடித்த நபித்தோழர்கள், தமக்கு வந்த நீரை அடுத்தவர்க்கு அனுப்பிய செய்தியை நம் வாசகர் அறிவர். அது தோழர்க்காகச் செய்த தியாகம். கன்னையாவின் கதை எழுப்பும் வினா வேறு. முறையிட்ட வீரர்களைக் குறுகிய மனத்தினராகக் காட்டிவிடுதல் எளிது. ஆனால் அவர்தம் வாதம் வலியது: நாம் வீழ்த்திய பகைவன் நீர் பருகி எழுந்து மீண்டும் நம்மை வெட்ட வருகிறான். இவ்வாதத்தின் வலிமையைக் குறைத்தால் கதை பள்ளிப் பாடமாகிவிடும்.

எனவே, அவ்வாதம் அதே வலிமையோடு ஒலிக்கும் இடம் ஒன்று வேண்டும். 1947ஆம் ஆண்டின் அமிர்தசரஸ் இரயில் நிலையத்தை நாம் தேர்கிறோம். அந்நாளைய நிலையங்களில் 'இந்துத் தண்ணீர்', 'முஸ்லிம் தண்ணீர்' என்று கூவி வழங்கும் வழக்கம் இருந்தது. நீருக்கே மதம் இருந்தது. லாகூர் நோக்கிச் செல்லும் முஸ்லிம் அகதிகளின் வண்டி வந்து நிற்கிறது. ஒரே வாளியோடு ஒருவர் அதனை நெருங்குகிறார்.

தடுப்பவர் யார்? இராவல்பிண்டி மாவட்டத்திலிருந்து தப்பி வந்த சீக்கிய முதியவராக அவர் இருக்கட்டும். அம்மாவட்டத்துத் தோவா கால்ஸா என்னும் ஊரில், 1947 மார்ச் மாதக் கலவரத்தின்போது, சீக்கியப் பெண்கள் பலர் கிணற்றில் குதித்து மாய்ந்தனர். அக்கிணற்றைக் கண்டவர், "இவர்களுக்கா தண்ணீர்?" என்று கேட்பாராயின், எவரும் உடனே விடைசொல்ல இயலாது. குஷ்வந்த் சிங் 1956இல் வெளியிட்ட பாகிஸ்தான் வண்டி பற்றிய நாவலில், ஜக்கத் சிங் கயிற்றை அறுத்து வண்டியைக் காப்பாற்றி மடிகிறான். சிறந்த முடிவுதான், எனினும் அங்கே அவன்மீது முறையிட எவர்க்கும் நேரமில்லை.

இனி, பெரிய இடர்ப்பாடு ஒன்று எஞ்சுகிறது. தீர்ப்பளிப்பவர் யார்? 1708இல் கோவிந்த் சிங் தமக்குப்பின் கிரந்தமே குரு என அறிவித்தார். குருவை நிகர்க்கும் பாத்திரம் ஒன்றை நாமே படைத்தலும் தகாது. நபிமார்களை உருவப்படுத்தாத மரபினர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஆகவே வழக்கு, கிரந்தத்தின் முன் கூடிய சங்கத்திற்குச் செல்லவேண்டும். கிரந்தத்தைத் திறந்து, கண்ணிற்படும் பகுதியை அன்றைய ஆணையாகக் கொள்ளுதல் சீக்கியர் வழக்கம். ஆனால், கதாசிரியர் தமக்கு வாய்ப்பான பகுதி ஒன்றையே விழச்செய்வாராயின் அது சூழ்ச்சியாகும். வாசிப்பு நிகழட்டும், பொருளைச் சங்கத்தார் தத்தமக்குள் கொள்ளட்டும்.

கட்டுத்துணியை முதியவரே கொணர்ந்து தருவதாக முடித்தால் வாசகர் கண் கலங்குவர். நாம் அதனை விரும்பவில்லை. அவரது இழப்பு அத்துணை விரைவில் ஆறுவதன்று. சங்கத்துள் பெயரறியா ஒருவர் துணிச்சுருளை வாளியருகே வைத்துச் செல்லட்டும். முதியவர் விலகியே நிற்கட்டும். பிறகு, லாகூர்ப் பக்கத்திலிருந்து அடுத்த வண்டி வருகிறது. அதில் இருப்போர் அவருடைய மாவட்டத்தார். நீர் சுமப்பவர் அதே வாளியோடு நடைமேடை மாறுகிறார்.