சிற்றூர்ச் சூழலில் குழுவழி உளச்சிகிச்சை: அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தை முன்வைத்து

குழந்தைப் பருவத்தில் கொடுமைக்கு உள்ளாகி வளர்ந்தோருக்குக் குழுவழி உளச்சிகிச்சை பரவலாகப் பரிந்துரைக்கப்படுகிறது. தமக்கு மட்டுமே நேர்ந்தது என்னும் தனிமையுணர்வை அது தணிக்கிறது; உளவியலர் குறைவான பகுதிகளில் ஒருவரே பலரைக் கவனிக்கவும் முடிகிறது. இந்நன்மைகள் மறுக்கத்தக்கன அல்ல. ஆயின் அதனால் விளையக்கூடிய தீங்குகள் உரிய அளவு பேசப்படவில்லை. விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி மானாவாரிப் பகுதியை முன்வைத்து இக்கட்டுரை அவற்றை ஆராய்கிறது.

லீபர்மன், யாலொம், மைல்ஸ் ஆகியோர் 1973இல் வெளியிட்ட ஆய்வு இங்குக் கருதத்தக்கது. ஸ்டான்ஃபோர்டு மாணவர் பங்கேற்ற குழுக்களில் ஏறத்தாழ 8 விழுக்காட்டினர் நீடித்த உளப்பாதிப்புக்கு உள்ளாயினர். அவர்களை அடையாளம் காண்பதில் குழுவை நடத்தியோரைவிட உடன் இருந்தோரே தெளிவாக இருந்தனர். அம்மாணவர்கள் கொடுமையிலிருந்து மீண்டவர்கள் என்ற வகையில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர் என்பதையும் கருத வேண்டும். மீட்சியின் முதற்கட்டம் பாதுகாப்பே என 1992இல் எழுதிய ஜூடித் ஹெர்மன், அந்நிலை எய்தாதவரைக் கொடுமையை விவரிக்கும் குழுவில் அமர்த்துவது பொருந்தாது என்கிறார். பிறர் கதையைக் கேட்பதே சிலருக்குப் பழைய அச்சத்தை மீட்டெழுப்பும்.

மேற்கூறிய முறை, பெருநகரில் ஒருவரையொருவர் அறியாதோர் கூடுவர் என்னும் எண்ணத்தின்மீது எழுந்தது. நெசவும் நூற்பாலையும் கரிமூட்டமும் வாழ்வாதாரமான இப்பகுதியிலோ, குழுவில் எதிரே அமர்பவர் தறிப் பங்காளியாகவோ கொழுந்தனுக்குப் பெண் கொடுத்த வீட்டாராகவோ இருக்கக்கூடும். கொடுமை இழைத்தவரும் அதே உறவுவட்டத்தினரெனில், சொன்ன சொல் மாலைக்குள் அவர் வாசலை அடையும். மேலும், 'குழு' என்றாலே இங்குப் பெண்கள் நினைப்பது மகளிர் சுய உதவிக் குழுவை. கடன் தவணைக்கு ஒருவருக்கொருவர் பொறுப்பேற்கும் அதே உறுப்பினர்களைச் சிகிச்சைக்கும் கூட்டினால், எழுந்து போகும் உரிமை பெயரளவிலேயே எஞ்சும்.

சட்டமும் இவ்விடைவெளியை நிரப்பவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 23, இரகசியம் காக்கும் கடமையை மருத்துவப் பணியாளர்மீது சுமத்துகிறது. சக உறுப்பினரைப் பற்றி அது பேசவில்லை. மறுபுறம், போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, ஒரு குழந்தைக்கு எதிராக அத்தகைய குற்றம் நிகழக்கூடும் என அஞ்சும் எவரும் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். கொடுமை இழைத்தவர் இன்றும் குழந்தைகளிடையே வாழ்கிறார் எனக் குழுவில் ஒருவர் கூறின், அவர் எதிர்பாராத காவல் விசாரணை தொடங்கலாம். தெரிவித்தல் குழந்தையின் பொருட்டுத் தேவையானதே. அதனை முதல் அமர்வுக்கு முன்பே சொல்லாமல் விடுவதுதான் தவறு.

எனவே தனிநிலை ஆலோசனையில் பாதுகாப்பு உறுதிப்பட்ட பின்னரே குழு பற்றிய பேச்சு எழ வேண்டும். அப்போதும் உறுப்பினரை வெவ்வேறு ஊர்களிலிருந்து சேர்த்து, மதுரை போன்ற நகரில் கூட்டுவது தகும். பேருந்துச் செலவும் இழந்த நாட்கூலியும் அதற்குத் தடையாவதால் அவற்றைத் திட்டமே ஏற்க வேண்டும். இடையில் நின்றவரை 'ஒத்துழைக்காதவர்' எனப் பதிவேட்டில் எழுதி முடிக்கும் வழக்கமும் மாற வேண்டும். அவர் ஏன் வரவில்லை என்பதைக் குழுவை நடத்தாத வேறொருவர், ஊரறியச் செய்யாமல், கேட்டறிதல் வேண்டும்.