கதவு எண் இல்லாதவர்களுக்கான நகரத் திட்டம்



நினைவுச் சொற்பொழிவில் இலக்கியம் பேசுவது வழக்கம். நான் மாநகராட்சிக் காப்பகங்களைப் பற்றிப் பேசப்போகிறேன். சேரி எங்கே இருக்க வேண்டும் என்று முடிவு செய்தது யார் என்ற கேள்வியை நம் எழுத்தாளர்கள் ஊரை வைத்துக் கேட்டார்கள். நகரத்தில் அதே முடிவு கோப்பில் எடுக்கப்படுகிறது. அந்தக் கோப்பைப் படிக்கவும் நாம் பழக வேண்டும்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு யாரை வீடற்றோர் என்கிறது? கட்டடம் எதிலும் வசிக்காமல் சாலையோரம், நடைபாதை, பெரிய குழாய்கள், மேம்பாலத்தடி, கோயில் மண்டபம், ரயில் நிலைய நடைமேடை என்று இருப்பவர்களை. 2011இல் பிப்ரவரி 28 அன்று இரவு, ஒரே இரவில், அவர்களை எண்ணினார்கள். நாடு முழுவதும் 17.7 லட்சம் பேர். அதில் நகரங்களில் 9 லட்சத்துக்கு மேல். அந்த நேரத்தில் கோயம்பேட்டில் லாரியிலிருந்து காய்கறி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் எந்த நடைபாதைக் கணக்கில் வந்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

2010இல் உணவு உரிமை வழக்கை விசாரித்த உச்ச நீதிமன்றம், பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்களுக்கு ஒரு காப்பகம், ஆண்டு முழுவதும், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்றது. 2013இல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் அதைத் திட்டமாக்கியது: காப்பகத்துக்கு 100 பேர், ஆளுக்கு 50 சதுர அடி. விரிவாக்கப்பட்ட சென்னையின் மக்கள்தொகை 2011இல் ஏறக்குறைய 67 லட்சம். ஆக, 67 காப்பகங்கள். இது வகுத்தல் கணக்கு. இதைத் திட்டம் என்று சொல்லிவிட முடியாது.

‘24 மணி நேரம்’ என்ற சொல்லில்தான் விஷயம் இருக்கிறது. நம் ஊரில் இன்னமும் ‘இரவுக் காப்பகம்’ என்றே சொல்கிறார்கள். இரவில் மூட்டை தூக்கிவிட்டுப் பகலில் தூங்குபவருக்கு, காலையில் பூட்டிவிடும் காப்பகத்தால் என்ன பயன்? காப்பகம் எங்கே வர வேண்டும் என்பதை வேலைதான் தீர்மானிக்க வேண்டும். சந்தைக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் ரயில் நிலையத்துக்கும் நடந்து போகும் தூரத்தில் இல்லாத காப்பகம் காலியாகத்தான் கிடக்கும். பிறகு அதிகாரி சொல்வார்: “கட்டிக் கொடுத்தோம், வர மாட்டேன் என்கிறார்கள்.”

சென்னையின் தனிச் சிக்கல் குடும்பங்கள். பாரிமுனை, பூக்கடை, வால்டாக்ஸ் சாலைப் பக்கம் தாத்தா காலத்திலிருந்தே நடைபாதையில் இருக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களில் பெரும்பாலோர் நம் மக்கள். அவர்களை எப்படி ‘தற்காலிகம்’ என்பது? ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று என்று பிரித்துக் கட்டிய காப்பகத்துக்குள் ஒரு குடும்பம் குடும்பமாக நுழைய முடியாது. அதற்கு மாற்றாக அரசு காட்டுவது பெரும்பாக்கம். சென்ட்ரலிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர். பூ கட்டி விற்பவர் விடியற்காலையில் பூக்கடைக்கு எந்தப் பேருந்தில் வருவார்? வீட்டைப் பூட்டிவிட்டுப் பழைய நடைபாதைக்கே திரும்புகிறவர்களை ‘ஒதுக்கீட்டை விற்றவர்கள்’ என்று ஏசுவது சுலபம். நடைபாதைவாசிகள் அங்கே இருப்பது பிழைப்புக்காகத்தான், வாழ்வாதாரம் வாழும் உரிமையின் பகுதி என்று ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985இலேயே உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டுவிட்டது. நம் திட்டமிடுபவர்கள் மட்டும் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

இனி ஆதரவுடன் கூடிய குடியிருப்பு. வீட்டோடு, அதில் தங்கி வாழத் தேவையான துணையையும் சேர்த்துக் கொடுப்பது இது. மனநலம் குன்றித் தெருவுக்கு வந்த பெண்ணுக்குப் படுக்கை மட்டும் போதாது; மருந்து, துணைக்கு ஓர் ஆள், வங்கிக் கணக்கு, அக்கம்பக்கம் எல்லாம் வேண்டும். 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் 19ஆம் பிரிவு, இத்தகையவர்கள் சமூகத்தில் வாழும் உரிமையைச் சொல்கிறது. சென்னையின் பேன்யன் அமைப்பு 2015 முதல் ‘ஹோம் அகெய்ன்’ என்ற பெயரில், சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு பிடித்து, நான்கைந்து பேரைச் சேர்ந்து வாழவைத்து, உதவிக்கு ஆளும் வைக்கிறது. செய்ய முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. ஆனால் ஒரு தொண்டு நிறுவனம் செய்வதை மாநகராட்சி தன் வரவுசெலவுத் திட்டத்தில் எழுதினால்தான் அது உரிமையாகும்.

அப்படி எழுதினாலும் இடம் கிடைப்பதில்லை. “எங்கள் தெருவில் வேண்டாம், பாதுகாப்புப் பிரச்சினை வரும், சுத்தம் கெடும்” என்று குடியிருப்போர் சங்கம் மனு கொடுக்கும். இந்த மொழி நமக்குப் புதிதா? தொண்ணூறுகளின் நடுவில் வந்த சமேலி சிங் வழக்கை மாணவர்கள் தேடிப் படியுங்கள். உத்தரப் பிரதேசத்தில் பட்டியல் சாதியினருக்கு வீடு கட்ட அரசு நிலம் எடுத்தது, நிலக்காரர்கள் எதிர்த்தார்கள். உறைவிடம் வாழும் உரிமையில் அடங்கும் என்று சொல்லி அவர்களின் வழக்கை உச்ச நீதிமன்றம் தள்ளியது. இன்று எல்லோரும் மேற்கோள் காட்டும் உறைவிட உரிமைத் தீர்ப்பு, தலித் குடியிருப்புக்கு நிலம் தர மறுத்த வழக்கில் வந்தது. அதை யாரும் நினைவூட்டுவதில்லை.

நாம் எங்கிருந்து தொடங்குவது? நகர்ப்புற வறுமை ஒழிப்பும் நலிந்த பிரிவினரின் நலன் காப்பதும் அரசமைப்பின் 12ஆம் அட்டவணையில் நகராட்சிப் பணிகளாக உள்ளன. 2022இல் தமிழ்நாட்டில் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. பகுதி சபையில் காப்பகத்துக்கான இடத்தைக் கேட்கலாம். ஆனால் அங்கே போய்ப் பேச வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். கதவு எண் இல்லாதவருக்கு ஏது பெயர் என்பீர்கள். உண்டு. தேர்தல் ஆணைய நடைமுறைப்படி வீடற்றவர் முகவரிச் சான்று தர வேண்டியதில்லை. படிவம் 6இல் தான் தூங்கும் இடத்தை எழுதினால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் அங்கே வந்து பார்த்து உறுதி செய்ய வேண்டும். அந்த இரவுகளில் அலுவலர் வருகிறாரா என்று பார்க்க, பக்கத்தில் நாமும் உட்கார்ந்திருக்க வேண்டும்.